மருத்துவமனை வலைத்தளமும் நோயாளரும்

திருவண்ணாமலையிற் பௌர்ணமி எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடியுமென்பதும், சிறப்புப் பேருந்துகள் எவ்வூர்களினின்று புறப்படுமென்பதும் முன்னரே நல்ல தமிழில் வெளியிடப்படுகின்றன. 14 கிலோமீட்டர் மலை சுற்ற வருவார் வழி தெரியாது மயங்குவதில்லை. அவ்வூரினின்றே புற்றுநோய்ச் சிகிச்சைக்காக வேலூருக்கும் காஞ்சிபுரத்துக்கும் சென்னைக்கும் செல்வார்க்கு அத்தகைய உதவி உண்டோ என வினவின், மிகக் குறைவென்றே கூற வேண்டியிருக்கின்றது.

“மருத்துவரே நேரில் யாவும் கூறுவரே, வலைத்தளம் எற்றுக்கு?” என்பாருமுளர். நோயின் பெயரைக் கேட்டதும் செவி அடைத்துப்போகின்றது. பின்னர்க் கூறுவன மனத்திற் பதிவதில்லை. வீடு திரும்பிய பின்னரே ஐயங்கள் எழுகின்றன. அப்பொழுது கைபேசியைத் திறப்பவர் பெரும்பாலும் நோயாளரல்லர். அவர்தம் மகனோ மகளோ ஆவர். ஆங்கு அவர் காண்பன யாவை? கட்டடத்தின் படம், மருத்துவர்தம் பட்டங்கள், கருவிகளின் பெயர்கள், பெரும்பாலும் ஆங்கிலத்தில். சலித்தவர், மூலிகையால் ஏழே நாளிற் குணமென யூடியூபில் முழங்குவாரிடம் அகப்படுகின்றனர்.

கதிர்வீச்சுச் சிகிச்சையை நம் மக்கள் ‘கரண்ட் வைத்தல்’ என்கின்றனர். அப்பெயரால் மின்சாரம் தாக்குமென அஞ்சுவாருமுளர். வெளியிலிருந்து கதிர் செலுத்தும்பொழுது வலியில்லை என்னும் ஒரு வரி அவ்வச்சத்தைப் போக்கும். அச்சிகிச்சை பெரும்பாலும் வாரத்தில் 5 நாளாகப் பல வாரம் நடைபெறுவது. நாளொன்றுக்குச் சில நிமிடமே. ஆகவே செங்கத்து உழவர் அறிய விழைவது கருவியின் பெயரன்று. அத்தனை நாளும் தங்குவதெங்கே, உடனிருப்பார்க்கு உணவெங்கே, வீட்டு மாட்டைப் பார்ப்பார் யார் என்பனவே. (மூன்றாவதற்கு எவ்வலைத்தளமும் விடை தராது, முன்னிரண்டிற்குத் தரலாம்.) முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திற்கு எவ்வெச் சான்றுகளைக் கையோடு கொணர்தல் வேண்டுமென்பதும் அத்தகையதே, ஒரு தாள் குறையின் ஒரு நாட்கூலியும் பேருந்துக் கட்டணமும் வீணாகின்றன.

இவற்றினும் இன்றியமையாதது ஒன்றுண்டு. கீமோ பெறுவார்க்குக் காய்ச்சல் 100.4 டிகிரியை எட்டின், அதனைப் பொதுக் காய்ச்சலாகக் கருதலாகாது. வெள்ளையணுக்கள் குறைந்தவிடத்து அஃது உயிர்க்கே ஊறாகலாம். மாத்திரை விழுங்கி விடியுமட்டுங் காத்திராது, நள்ளிரவாயினும் அழைத்தற்குரிய எண் முதற்பக்கத்திலேயே பெரிய எழுத்தில் நிற்றல் வேண்டும்.

1900 இல் ஐடா ஸ்கடர் அம்மையார் வேலூரில் ஒரே படுக்கையோடு தம் பணியைத் தொடங்கினார். முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரோ, தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அவர் முயற்சியால் அடையாற்றுப் புற்றுநோய் மருத்துவமனை 1954 இல் எழுந்தது. பிறர் துன்பங் கண்டு பிறந்த நிலையங்களுள்ள நாட்டில் இவை அரிய கோரிக்கைகளல்ல. நல்ல சமாரியனும் காயத்தைக் கட்டியதோடமையாது, சத்திரத்திற் சேர்த்துச் செலவுக்கும் வகைசெய்தான் அன்றோ?

‘கிரேடு 3’ என்றெழுதிய தாளை மூன்றாம் ஸ்டேஜ் எனக் கொண்டு அழுத குடும்பமொன்றை யாம் அறிவோம். ஸ்டேஜ் நோய் பரவிய அளவைக் குறிப்பது. கிரேடு உருப்பெருக்கியில் அணுக்கள் எத்துணை மாறித் தோன்றுகின்றன என்பதைக் குறிப்பது. இவ்விரண்டு வரியைத் தமிழில் எழுதுதற்குப் பெரும்புலமை வேண்டா. தமிழ் பயிலும் யாம் எழுதித் தரச் சித்தமாயிருக்கின்றோம். மருத்துவர் பிழை திருத்தித் தருக. வெளியிடுமுன் ஐந்தாம் வகுப்போடு நின்ற ஒரு தாயிடம் கொடுத்து வாசிக்கக் கேட்போம். அவர் தயங்குமிடத்தை மீண்டும் எழுதுவோம்.