சாவி யார் கையில்?



இணையதளக் கோப்புகளைச் சர்வரில் ஏற்றக் கற்றுக்கொள்கிறேன் என்று போன வாரம் எழுதியிருந்தேன். "இந்த வயசுல எதுக்கு சார்? யாராவது பையன்கிட்ட சொன்னா போட்டுக் குடுத்துடுவான்" என்று ஏழெட்டுப் பேர் எழுதினீர்கள். அன்பாகத்தான் சொன்னீர்கள். ஆனால் அந்த அன்பைத்தான் இன்று கண்டிக்கப் போகிறேன்.

மரக்காணம் பக்கம் நான் வேலை பார்த்தபோது, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு உப்பளச் சொற்களைத் தொகுத்தார்கள். இரண்டு நோட்டு நிறைந்தது. தெரிந்த ஒருவர் அதைத் தட்டச்சு செய்து இணையத்தில் போட்டுக் கொடுத்தார். 2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோது நோட்டுகள் நனைந்து கூழாகிவிட்டன. இணையத்தில் இருக்கிறதே என்று சும்மா இருந்தேன். பிறகு ஒருநாள் பார்த்தால் அதுவும் இல்லை. போட்டுக் கொடுத்தவர் வெளிநாடு போய்விட்டார். கடவுச்சொல் அவரிடம். ஆண்டுக் கட்டணம் கட்டவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு பிரதிகூடக் கையில் வைத்துக்கொள்ளாத என்னைத்தான் சொல்ல வேண்டும். சொல் கொடுத்த பெரியவர்களில் பலர் இன்று உயிரோடு இல்லை.

"இலவசமா எவ்வளவோ இடம் இருக்கே சார்" என்கிறீர்கள். ஜியோசிட்டீசில் எத்தனையோ தமிழர்கள் முதல் பக்கம் போட்டார்கள். 2009 அக்டோபரில் யாகூ அதை மூடியது. ஆர்குட் 2014 செப்டம்பரில் போனது, கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில். அடுத்தவர் பாத்தியில் உப்பு வாரினால் குவியல் நம்முடையதா?

மதுரைத் திட்டத்தைப் பாருங்கள். 1998 பொங்கலன்று தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் இருந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, பல நாட்டுத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து, பிழை திருத்தி, நூல்களை எளிய கோப்புகளாக ஏற்றினார்கள். அவை இன்றும் படிக்கக் கிடைக்கின்றன.

வாடகைக்கு எடுக்கும் சர்வரும் அடுத்தவர் கணினிதானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் மூலக் கோப்புகளும் முகவரியின் பதிவும் கடவுச்சொல்லும் நம் கையில் இருந்தால், ஒருவர் மூடினாலும் அதே கோப்புகளை இன்னொரு சர்வரில் ஏற்றிவிடலாம். நான் சொல்வது இவ்வளவுதான்.

இது பெரிய வித்தையும் இல்லை. ஃபைல்சில்லா என்று ஓர் இலவச மென்பொருள். இடப்பக்கம் நம் கணினி, வலப்பக்கம் சர்வர். இங்கிருந்து அங்கே இழுத்து விட வேண்டியதுதான். முதல் பக்கத்துக்கு 'இன்டெக்ஸ்' என்ற பெயரைச் சின்ன எழுத்தில் வைக்க வேண்டும். நான் பெரிய எழுத்தில் வைத்துவிட்டு, பக்கம் ஏன் திறக்கவில்லை என்று இரண்டு நாள் விழித்தேன். லினக்ஸ் சர்வருக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறுவேறு. பழைய எஃப்டிபி முறையில் கடவுச்சொல் மறைக்கப்படாமல் போகும். அதனால் எஸ்எஃப்டிபியையே தேர்ந்தெடுங்கள். அந்த எஃப்டிபி விதியை 1971 ஏப்ரலில் முதலில் எழுதியவர் அபய் பூஷண், கான்பூர் ஐஐடியின் முதல் அணி மாணவர். நம் நாட்டுக்காரர் எழுதிய விதி நமக்கு வராதா?

எங்கள் ஆசிரியர் கூட்டத்தையும் விடமாட்டேன். தேர்வுக்காக எச்டிஎம்எல் குறிகளை மனப்பாடம் செய்ய வைத்தோம். ஒரு பிள்ளையின் ஒரு பக்கத்தையாவது இணையத்தில் ஏற்றிக் காட்டினோமா? கடற்கரை ஊரில் கரும்பலகையில் நீச்சல் கற்றுக்கொடுத்த கதைதான்.

"இதையும் முகநூலில்தானே எழுதுறீங்க?" என்பீர்கள். டீக்கடையில் பேசலாம். வீட்டுப் பத்திரத்தை டீக்கடையிலா வைப்போம்?

அந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளில் சிலர் இதைப் படிக்கிறீர்கள். அப்பா, தாத்தா, ஆயா சொன்ன உப்பளச் சொல் ஒன்றாவது நினைவிருந்தால் அனுப்புங்கள். குரல் பதிவானாலும் சரி. சொன்னவர் பெயரோடு நானே ஏற்றுகிறேன். ஏற்றியதும் முழுக் கோப்பையும் உங்கள் எல்லோருக்கும் அனுப்புவேன். ஆளுக்கொரு பென்டிரைவில் பத்திரமாக வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்,
கோட்டக்குப்பம்