வீங்காத மடியிலும் நோய் உண்டு

ஆரணியில் பட்டுத் தறிச்சத்தம் கேட்கும் தெருக்களைத் தாண்டினால் நெல்வயலும் கறவை மாடும்தான். மாடு வைத்திருப்பவர்களிடம் தமிழகமெங்கும் புழங்கும் நம்பிக்கை ஒன்று இங்கும் உண்டு: "மடி வீங்கல, பால் திரியல, அப்புறம் என்ன நோய்? வீங்கினா ஒரு ஊசி போட்டா போச்சு." இதில் ஏறக்குறைய எல்லாமே தவறு.

முதலில் வீக்கம். அதைக் கிருமி மட்டும் உண்டாக்குவதில்லை. காம்புத் துளை வழியே ஈ. கோலை என்ற கிருமி நுழைந்ததும் மடியின் செல்கள் அதன் மேலுறையிலுள்ள நச்சுப்பொருளை அடையாளம் கண்டு அபாய அறிவிப்பு அனுப்புகின்றன. சில மணி நேரத்தில் ரத்தத்திலிருந்து நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் மடிக்குள் படையெடுத்து, கிருமிகளை விழுங்கிக் கொல்கின்றன. சில அணுக்கள் தங்கள் டி.என்.ஏ.வையே இழை இழையாகப் பிரித்து வெளியே வீசிக் கிருமியைச் சிக்கவைக்கும். பட்டு நூலோடு வாழும் ஊருக்கு இது அதிசயமாகத் தோன்றாது. சூடு, சிவப்பு, வலி எல்லாம் பெரும்பாலும் இந்தப் போரின் அடையாளங்களே. படை சீக்கிரம் வந்து சேர்ந்த மாட்டுக்கு நோயும் இலேசாகவே முடிகிறது.

வீக்கம் இல்லாததுதான் அதிகம் ஏமாற்றும். ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி அந்த அளவு அமளி செய்யாது. எதிர்ப்பும் மந்தமாகவே எழும். விழுங்கிய அணுவுக்குள்ளேயே அது உயிரோடு ஒளிந்திருக்கும். பால் வெள்ளையாகவே இருக்கும். கறவை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். தீவனக்காரர் மீது பழி விழும்!

இதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. கலிபோர்னியா மடிநோய்ப் பரிசோதனையால் முடியும். ஷால்ம், நூர்லாண்டர் என்ற ஆய்வாளர்கள் 1957இல் வெளியிட்ட முறை அது. நான்கு காம்புப் பாலையும் நான்கு குழிகளில் தனித்தனியே பிடித்து, சோப்புத் தன்மையுள்ள கரைசல் ஊற்றிச் சுழற்ற வேண்டும். வெள்ளை அணுக்கள் மிகுந்திருந்தால் அவற்றின் டி.என்.ஏ. வெளிப்பட்டுப் பால் கூழாகும். ஒரு மில்லிலிட்டரில் 2 லட்சம் அணுக்களைத் தாண்டினால் சந்தேகப்பட வேண்டியதுதான்.

ஊசியின் கதை இன்னும் சிக்கலானது. இலேசான ஈ. கோலை தொற்றை மாட்டின் அணுக்களே பல நேரம் முடித்துவிடும். ஆரியஸ் ஒளிந்திருக்கும் செல்லுக்குள் பல மருந்துகள் போதிய அளவு போய்ச் சேருவதில்லை. ஆக, இரண்டுக்கும் ஒரே ஊசி என்பது குருட்டாம்போக்கு வைத்தியம். பாதியில் நிறுத்தினால் மருந்துக்கு அடங்காத கிருமி பெருகும் ஆபத்தும் உண்டு.

"நாட்டு மாட்டுக்கு மடிநோயே வராது" என்பது இன்னொரு வாதம். கலப்பினத்தைவிடக் குறைவு, வராது என்பதில்லை. கன்று ஈனும் நாட்களை ஒட்டி எந்த இனத்திலும் வெள்ளை அணுக்களின் வேகம் தளரும்.

கறந்தபின் காம்புத் துளை உடனே மூடிக்கொள்ளாது. மாடு படுத்தால் அதன் வழியே கிருமி நுழையலாம்; அதனால் குறைந்தது அரைமணி நேரம் தீவனம் போட்டு மாட்டை நிற்க வையுங்கள். கறவை குறைந்தால் ஊசி கேட்பதற்கு முன் கால்நடை மருத்துவரிடம் பால் பரிசோதனை கேளுங்கள். மருந்து போட்டால் அவர் சொல்லும் நாள்வரை அந்தப் பாலைச் சொசைட்டியில் ஊற்றாதீர்கள்.