காலடியில் கிச்சுகிச்சு மூட்டுவது யார்?

மெரினாவோ பெசன்ட் நகரோ, அலையில் கால் நனைத்து நிற்கும் குழந்தைகள் திடீரென்று துள்ளுவார்கள். "அம்மா, மண்ணுக்குள்ள ஏதோ ஓடுது!" "பூச்சியா இருக்கும், இந்தப் பக்கம் வா" என்று நாமும் கையைப் பிடித்து இழுத்துவிடுவோம். அடுத்த முறை இழுக்காதீர்கள். அங்கே இருப்பது யார் என்று கண்டுபிடிப்பது ரொம்பச் சுலபம். எந்த இடம், என்ன தடயம் என்று பார்த்தால் போதும்.

அலை ஏறி இறங்கும் ஈர மணலிலிருந்து தொடங்குவோம். அலை திரும்பும்போது, மெல்லியதாக வழியும் நீரில் அம்புமுனை போலக் குட்டிக் குட்டிக் கோடுகள் தெரிகின்றனவா? அங்கே கையால் அள்ளிப் பாருங்கள். பலாக்கொட்டை மாதிரி ஒன்று உள்ளங்கையில் குறுகுறுக்கும். அதுதான் 'மோல் கிராப்' எனப்படும் மணல் நண்டு. இதற்குக் கொடுக்கே கிடையாது, அதனால் பயமில்லை. போவதெல்லாம் பின்பக்கமாகத்தான். உடல் மணலுக்குள் இருக்க, இறகு போன்ற உணர்கொம்புகளை மட்டும் நீட்டி, திரும்பும் நீரிலிருந்து நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்னும். வயிற்றுக்கடியில் ஆரஞ்சு நிறக் கொத்து தெரிந்தால், அது சினை நண்டு.

இந்த நண்டிடம் இன்னொரு ஆச்சரியம் உண்டு. சென்னைக் கடற்கரையில் இதை ஆராய்ந்த விஞ்ஞானி டி. சுப்பிரமணியம், 1981-ல் வெளியிட்ட கட்டுரையில் அதைச் சொன்னார். சுமார் மூன்றரை மில்லிமீட்டர் அளவிலேயே ஆணாகப் பருவமடையும் நண்டு, வளர வளர ஆண்தன்மையை இழந்து, 2 சென்டிமீட்டரை நெருங்கும்போது பெண்ணாக மாறுகிறது!

அதே ஈர மணலில் முக்கோணச் சாயலில் வழவழப்பான சின்னச் சிப்பிகள் கிடைத்தால், அவை மட்டி. நாக்கு போன்ற ஒரு காலை நீட்டி, கண்ணெதிரே மணலுக்குள் இறங்கிவிடும். கரையில் கிடக்கும் காலிச் சிப்பிகளில் ஊசியால் துளைத்ததுபோல வட்டமான ஓட்டை இருக்கிறதா? குழந்தைகள் நூல் கோத்து மாலை போடுவார்களே, அந்த ஓட்டைதான். பெரும்பாலும் அது, மணலுக்குள்ளேயே திரியும் ஒரு வேட்டை நத்தை மட்டியைத் தின்னப் போட்ட துளை.

அலை எட்டாத மேட்டு மணலில் வட்டமான வளையும், வாசலில் வாரி இறைத்த மண்ணும் தெரிந்தால், அது பேய் நண்டின் வீடு. மணல் நிறத்திலேயே இருப்பதாலும், கண்ணிமைக்கும் நேரத்தில் மறைந்துவிடுவதாலும் இந்தப் பெயர். காம்பின் மேல் நிற்கும் கண்களே அடையாளம். இதற்குக் கொடுக்கு உண்டு, வளைக்குள் விரலை விட வேண்டாம். இறந்த மீன் முதல் மணல் நண்டு, மட்டி வரை எல்லாமே இதற்குச் சாப்பாடு.

மணலில் வண்டி ஓடினாலும், ஓயாமல் கால்கள் மிதித்தாலும் இந்த வளைகள் குறைந்துவிடும். அதனால்தான் ஒரு கடற்கரை நலமாக இருக்கிறதா என்று அறிய, பல நாடுகளில் ஆய்வாளர்கள் பேய் நண்டு வளைகளை எண்ணுகிறார்கள். எண்ணுவதற்குப் படிப்பு எதுவும் வேண்டாம், உங்கள் வீட்டு வாண்டுகளும் எண்ணலாம்.

ஒரே ஒரு வேண்டுகோள். பிடித்ததைத் தண்ணீர் பாட்டிலில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். ஓடும் அலையை நம்பி வாழும் உயிர், பாட்டிலில் அதிக நேரம் தாங்காது. பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், அளவு புரியும். 'ஐநேச்சுரலிஸ்ட்' செயலியில் ஏற்றினால், தெரிந்தவர்கள் பெயர் சொல்ல உதவுவார்கள்.

பிறகு அதை ஈர மணலில் விட்டுவிட்டு, எத்தனை நொடியில் மறைகிறது என்று குழந்தையையே எண்ணச் சொல்லுங்கள். பத்து வரை போவதே கஷ்டம்!