சாவி யார் கையில்?

‘புல்லட்டின் போர்டு காலத்தில்தான் உண்மையான சமூகம் இருந்தது, இணையம் வந்து எல்லாத்தையும் கெடுத்துவிட்டது’ என்று அமெரிக்காவில் ஒரு கூட்டம் இன்றும் புலம்பிக்கொண்டிருக்கிறது. பழைய ஊரு நல்லா இருந்துச்சுன்னு எவன் சொன்னாலும் நமக்கு ஒரு கேள்வி வரும்: யாருக்குய்யா நல்லா இருந்துச்சு?

1978 பிப்ரவரி 16இல் சிகாகோவில் வார்டு கிறிஸ்டென்சன், ராண்டி சூஸ் என்ற இருவர் முதல் போர்டைத் திறந்தார்கள். பனிப்புயலில் அடைபட்டுக் கிடந்தபோது வந்த யோசனை. ஒரு கணினி, ஒரு மோடம், ஒரு தொலைபேசி இணைப்பு. அவ்வளவுதான். ஒருவர் தொலைபேசி வழியே நுழைந்து, படித்து, எழுதிவைத்துவிட்டு வெளியேறினால்தான் அடுத்தவர் நுழைய முடியும். படிப்பகத்தில் கிடக்கும் ஒற்றைச் செய்தித்தாள் மாதிரி. அங்கே பல இடங்களில் உள்ளூர் அழைப்புக்குத் தனிக்காசு கிடையாது; வெளியூருக்குப் பேசினால் பை காலி. ஆகவே வந்தவர்களில் பெரும்பாலோர் உள்ளூர்க்காரர்கள். திரையில் சண்டை போட்டவனைக் கடைத்தெருவில் பார்க்க நேரும். அந்த நெருக்கத்தில் பாதியைத் தந்தது தொலைபேசிக் கட்டணம்தான்.

சரி, உள்ளே யார் இருந்தார்கள்? கணினி வாங்க வசதியிருந்தவர்கள். பெரும்பாலும் வெள்ளை ஆண்கள். ‘இங்கே எழுத்து மட்டும்தான், நிறம் தெரியாது, எல்லாரும் சமம்’ என்றார்கள். நிறம் தெரியாத இடத்தில் எல்லோரையும் வெள்ளையராகவே எடுத்துக்கொள்வார்கள் என்பதுதான் இதன் பொருள். ‘சாதியெல்லாம் நான் பாக்கறதில்ல சார்’ என்று என் கவுண்டர் எதிரில் நின்று சொல்லிவிட்டு, ‘உங்களுக்கு எந்த ஊரு, ஊர்ல எந்தத் தெரு?’ என்று கேட்கிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன்.

கருப்பர்கள் தங்கள் போர்டுகளைத் தாங்களே தொடங்கினார்கள். ஆப்ரோநெட் என்ற பெயரில் அவற்றை இணைத்தார்கள். 1993இல் ஒமார் வாசோ நியூயார்க்கின் புரூக்ளினில் ‘நியூயார்க் ஆன்லைன்’ என்ற போர்டைத் தொடங்கினார். அவரே 1999இல் இணையத்தில் ‘பிளாக்பிளானட்’ தளத்தை உருவாக்கினார். ஃபேஸ்புக் பிறந்தது 2004இல்தான் என்பதை நினைவில் வையுங்கள், தோழர்களே. 2008இல் அந்தத் தளத்தின் நிறுவனத்தை ரேடியோ ஒன் 3.8 கோடி டாலருக்கு வாங்கியது. வாங்கியதும் கருப்பர் நடத்தும் நிறுவனம்தான். இருந்தாலும் அங்கே கூடிப் பேசியவர்கள், விற்ற கடையின் சரக்கோடு சரக்காகக் கைமாறினார்கள்.

இன்னொரு கதை. 1989இல் கலிபோர்னியாவின் சாண்டா மோனிகா நகராட்சி, ஊர்மக்கள் இலவசமாகப் பேசிக்கொள்ள ‘பென்’ என்ற கணினி அமைப்பைத் தொடங்கியது. வீட்டிலிருந்து தொலைபேசி வழியாக நுழையலாம். வீட்டில் கணினி இல்லையென்றால் பொது நூலகத்தில் உட்கார்ந்து எழுதலாம். அந்த நூலகக் கதவு வழியாக வீடில்லாதவர்கள் உள்ளே வந்தார்கள். அவர்களைப் பற்றி மற்றவர்கள் பேசிக்கொண்டிருந்த இடத்தில் அவர்களே பேசினார்கள். வேலை தேடிப் போகக் காலையில் குளிக்க இடம் வேண்டும், துணி துவைக்க வேண்டும், மூட்டையைப் பூட்டிவைக்க லாக்கர் வேண்டும் என்றார்கள். அதற்காக ஒரு குழு திரண்டது, நகராட்சியை அசைத்தது. அதே பென்னில் பெண்களை ஆண்கள் ஆபாசமாகச் சீண்டினார்கள். பெண்கள் ‘பென் ஃபெம்’ என்று தனியே திரண்டு எதிர்த்து நிற்க வேண்டியிருந்தது. சின்ன இடம் என்பதாலேயே நல்ல இடமாகிவிடாது.

இணையத்தின் வீச்சையும் நான் மறுக்கவில்லை. 2013இல் ‘பிளாக் லைவ்ஸ் மேட்டர்’ என்று மூன்று பெண்கள் எழுப்பிய முழக்கம், ஒருவர் வெளியேறினால் அடுத்தவர் நுழையும் போர்டு வழியாக நாடு முழுக்கப் போயிருக்க முடியாது. ஆனால் அது பரவிய ட்விட்டரை 2022இல் ஒரே ஒரு பணக்காரர் 4,400 கோடி டாலருக்கு வாங்கினார். அடுத்த ஆண்டு பெயர்ப்பலகையே மாறியது. யார் பேச்சு மேலே வரும், யார் பேச்சு அமுங்கும் என்பது அவர் வீட்டு விவகாரம் ஆகிவிட்டது.

வங்கி லாக்கருக்கு ரெண்டு சாவி. ஒன்று எங்களிடம், ஒன்று உங்களிடம். ரெண்டும் சேர்ந்தால்தான் திறக்கும். இணையத்தில் நம் பேச்சு, நம் தோழர்களின் முகவரி, நம் நினைவு எல்லாவற்றையும் போட்டுவைத்திருக்கும் பெட்டிக்கு நம்மிடம் சாவியே இல்லை. உரிமையாளன் கதவைச் சாத்தினால் தெருவில்தான் நிற்போம். வாடகை வீட்டில் இருந்தவனுக்கு இது புரியும். வாடகைக்கே வீடு கிடைக்காதவனுக்கு இன்னும் நன்றாகப் புரியும்.

ஆகவே போர்டா, இணையமா என்பது என் கேள்வி அல்ல. சந்தையில் நின்று கூவத்தான் வேண்டும், கூவுவோம். ஆனால் கூவி முடித்ததும் திரும்பி வந்து உட்கார நமக்கென்று ஒரு திண்ணை வேண்டும். நம் எழுத்தின் ஒரு படி நம்மிடம், தோழர்களின் முகவரிகள் நம்மிடம், நம்மில் நாலு பேர் முறைபோட்டு நடத்துகிற, தப்பு செய்தால் நாமே கூப்பிட்டுக் கேள்வி கேட்கக்கூடிய ஒரு சின்னக் கணினி. அது புரூக்ளினில் ஒரு இளைஞரால் முடிந்தது.

நம்மால் முடியாதா என்ன?