மனதுக்கு ஒரு ஆப்... அது ஆப்பு ஆகிவிடக் கூடாது!

"அங்கிள், இந்த ஆப்பை என் போனில் வைத்துக் கொள்ளலாமா?" என்று நண்பரின் மகள் கேட்டாள். அப்போதுதான் பொறியியல் கல்லூரியில் சேர்ந்து, முதல் முறையாக வீட்டை விட்டு ஹாஸ்டலுக்குப் போயிருந்தாள். மாணவர்கள் பெயர் சொல்லாமல் ஒருவரோடு ஒருவர் பேசவும், மனக் கவலையை இறக்கி வைக்கவும் உதவும் புரோகிராம் அது. பக்கத்தில் இருந்த அப்பா முந்திக் கொண்டார். "அதெல்லாம் எதற்கு? உனக்கு என்ன குறை?" அதோடு அவள் பேச்சை நிறுத்திவிட்டாள்.

புதிதாக லேப்டாப்பும் ஸ்மார்ட் போனும் வாங்கித் தரும் பெற்றோர் பலர் செய்யும் தவறு இது. அவள் கேட்டது வெறும் சாஃப்ட்வேர் சந்தேகம் அல்ல. "எனக்குப் பேச ஆள் வேண்டும்" என்பதைத்தான் அப்படிக் கேட்டாள். இத்தகைய ஆப்களை அடியோடு ஒதுக்கக் கூடாது. நம்பி மனதை முழுவதும் ஒப்படைக்கவும் கூடாது என்பதே என் கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

இரண்டு வகை

முதல் வகையில் நம்மோடு பேசுவது கம்ப்யூட்டர் புரோகிராம். இது புதிய விஷயம் அல்ல. 1966-லேயே அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜோசப் வைஸன்பாம் என்பவர் "எலைசா" என்ற புரோகிராமை உருவாக்கினார். நாம் டைப் செய்வதையே திருப்பிக் கேள்வியாகக் கேட்கும், அவ்வளவுதான். அதற்கே மக்கள் மனம் திறந்து பேசத் தொடங்கியதைக் கண்டு, உருவாக்கியவரே கவலைப்பட்டார்.

2017-ல் "வோபாட்" வந்தது. எண்ணங்களைச் சீர்தூக்கிப் பார்க்கப் பழக்கும் சிகிச்சை முறையை அரட்டை வடிவில் தந்தது. கல்லூரி வயதினர் 70 பேரை வைத்து ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் சோதித்தனர். ஒரு பிரிவினருக்கு மன அழுத்தம் பற்றிய மின்னூல், மற்றவர்களுக்கு வோபாட். இரண்டே வாரங்களில் வோபாட் பிரிவினரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் குறைந்தன. ஆகவே பலன் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் சோதனை சிறியது, காலமும் குறைவு. அதே வோபாட் 2025 ஜூன் மாதத்தோடு பொதுமக்களுக்கான சேவையை நிறுத்திவிட்டது. பழகிய நண்பர் இப்படி ஒரு நாள் கடையை மூடிவிட்டுப் போவதில்லை.

இரண்டாவது வகையில் மறுமுனையில் இருப்பவர் மனிதர். 2013-ல் தொடங்கிய "செவன் கப்ஸ்" இதற்கு உதாரணம். பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் நாம் சொல்வதைக் கேட்பார்கள். நள்ளிரவில் தூக்கம் வராதவனுக்குக் கேட்க ஒரு காது கிடைப்பது பெரிய ஆறுதல். ஆனால் அவர்கள் மருத்துவர்கள் அல்ல என்பதை மறக்கக் கூடாது.

இணைந்தால் மட்டும் போதுமா?

மாணவர்களை இணைத்துவிட்டால் தனிமை போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஃபேஸ்புக் 2004-ல் ஹார்வர்டு மாணவர்களுக்காகத் தொடங்கி, பிறகு கல்லூரி கல்லூரியாகப் பரவியது. ஒவ்வொரு கல்லூரிக்கும் அது வந்த நாளையும், மாணவர்களின் மனநலக் கணக்கெடுப்பையும் ஒப்பிட்டு ஓர் ஆய்வு 2022-ல் வெளியானது. ஃபேஸ்புக் வந்த பிறகு மாணவர்களின் மனநலம் குறைந்தது என்பதே முடிவு. "மற்றவர்கள் எல்லாம் நன்றாக இருக்கிறார்கள், நான் மட்டும்தான் இப்படி" என்று ஒப்பிட்டுப் பார்ப்பதே முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. ஆக, இணைப்பது வேறு, ஆதரவு தருவது வேறு.

ரகசியம் காக்கப்படுமா?

எனக்குப் பெரிய பயம் இதில்தான். மனதில் உள்ளதை டைப் செய்தால் அது ஏதோ ஒரு சர்வரில் பதிவாகிறது. பெட்டர்ஹெல்ப் என்ற ஆன்லைன் ஆலோசனை நிறுவனம், ரகசியம் காப்போம் என்று உறுதி கூறிவிட்டு, பயனாளர்களின் விவரங்களை விளம்பரத்துக்காக ஃபேஸ்புக் போன்ற நிறுவனங்களுடன் பகிர்ந்ததாக அமெரிக்க வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டியது. 2023-ல் 78 லட்சம் டாலர் செலுத்த அந்த நிறுவனம் ஒப்புக் கொண்டது.

நல்ல எண்ணமும் வழி தவறலாம். 2014-ல் பிரிட்டனின் சமாரிட்டன்ஸ் தொண்டு நிறுவனம், ட்விட்டரில் ஒருவர் விரக்தியாக எழுதினால் அவரைப் பின்தொடரும் நண்பருக்குத் தகவல் சொல்லும் ஆப் ஒன்றை வெளியிட்டது. எழுதியவரின் அனுமதி கேட்கப்படவில்லை. எதிர்ப்பு கிளம்பியதால் சில நாட்களிலேயே நிறுத்தினார்கள். பிள்ளையின் போனை ரகசியமாகத் திறந்து பார்க்கும் பெற்றோருக்கும் இதில் பாடம் உண்டு. கண்காணிப்பதாகத் தெரிந்தால் பேசுவது நின்றுவிடும்.

இன்ஸ்டால் செய்யும் முன்

மூன்று கேள்விகள் கேளுங்கள். அவசரம் என்றால் உண்மையான மனிதரிடம் தொடர்பு கொடுக்கிறதா? நாம் எழுதுவதை யார் படிக்கலாம், எப்படி அழிக்கலாம் என்று தெளிவாகச் சொல்கிறதா? நம்மை வெளியே மனிதர்களிடம் அனுப்புகிறதா, திரையிலேயே கட்டிப் போடுகிறதா? அடுத்து, போனின் செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குச் சென்று, அந்த ஆப் என்னென்ன பெர்மிஷன் பெற்றிருக்கிறது என்று பாருங்கள். பெயர் சொல்லாமல் பேசும் ஆப்புக்கு உங்கள் கான்டாக்ட்ஸும் லொக்கேஷனும் எதற்கு? நீக்கிவிடுங்கள்.

இன்னொரு விஷயம் மொழி. இத்தகைய ஆப்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் பேசுகின்றன. அழுகையோ தமிழில்தான் வருகிறது. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையில் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. 2024-ல் இதற்கு ஆப்பும் வந்தது. சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா அமைப்பின் எண் 044-24640050. உயிரே வேண்டாம் என்று தோன்றும் நேரத்தில் எந்த ஆப்பையும் திறக்க வேண்டாம். இந்த எண்களில் ஒன்றை அழையுங்கள், அல்லது பக்கத்து அறைக் கதவைத் தட்டுங்கள்.

அந்தப் பெண்ணும் நானும் உட்கார்ந்து பெர்மிஷன் பட்டியலைப் பார்த்தோம். கான்டாக்ட்ஸையும் மைக்கையும் நீக்கினோம். இரண்டு எண்களையும் போனில் பதிந்து கொண்டாள். ஆப்பை வைத்துக் கொள் என்றேன். அப்பாவிடம் தனியாக ஒன்று சொன்னேன்: "தினமும் ராத்திரி ஒரு போன் பண்ணுங்கள். மார்க் பற்றி மட்டும் கேட்காதீர்கள்." இதற்கு டவுன்லோட் எதுவும் தேவையில்லை.