பார்வதி பள்ளத்தாக்கில் காணாமல் போகிறவர்கள்: ‘மர்மம்’ என்ற சொல் யாரைக் காப்பாற்றுகிறது?

நான்கு நாள் லீவு சேர்ந்தாற்போல் கிடைத்தால் போதும், நண்பர்கள் குழுவில் யாராவது ஒருவர் ‘கசோல் போலாமா?’ என்று ஆரம்பித்துவிடுவார். டெல்லியில் இரவு பஸ் ஏறினால் மறுநாள் இமாச்சலப் பிரதேசத்தின் குலு மாவட்டம். பூந்தரில் பியாஸோடு கலக்கும் பார்வதி நதியை ஒட்டி மேலே போனால் கசோல், அதைத் தாண்டி வெந்நீர் ஊற்றுகள் உள்ள மணிகரண், இன்னும் மேலே நடந்து ஏறினால் கீர்கங்கா. ரீல்ஸில் பார்த்த அதே மரங்கள், அதே நதி.

இந்தப் பள்ளத்தாக்குக்கு இன்னொரு பெயரும் உண்டு: ‘பேக்பேக்கர்களின் பெர்முடா முக்கோணம்’. 1990களிலிருந்து இங்கே வந்த வெளிநாட்டுப் பயணிகள் பலர் காணாமல் போயிருக்கிறார்கள். இருபதுக்கும் மேல் என்று ஊடகங்கள் எழுதுகின்றன. பலரின் உடல்கூடக் கிடைக்கவில்லை. தேடி வரும் பெற்றோர் மகனின் படத்தைக் கடைச் சுவர்களில் ஒட்டிவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறார்கள்.

யூடியூபில் இதைப் பற்றித் தேடினால் திகில் இசையோடு வீடியோக்கள் வரிசையாக வரும். எல்லாவற்றிலும் ‘மர்மம்’ என்ற ஒரு சொல் இருக்கும். சிக்கலே அந்தச் சொல்தான். மர்மம் என்று சொல்லிவிட்டால் யாரும் எதற்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. மலையில் மனிதர்கள் எப்படித் தொலைகிறார்கள், ஏன் கிடைப்பதில்லை என்பதில் பெரும்பகுதி ஏற்கெனவே தெரிந்த விஷயம். தெரிந்ததை வைத்து என்ன செய்தோம் என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

நேராக நடப்பதாக நினைத்து வட்டமடிப்பது

ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் ஆய்வாளர்கள் 2009இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். ஜெர்மனியின் காட்டிலும் சஹாரா பாலைவனத்திலும் சிலரை விட்டு, நேராக நடக்கச் சொன்னார்கள். உடன் ஜி.பி.எஸ். கருவி. சூரியன் தெரிந்தவரை ஓரளவு நேராகவே நடந்தார்கள். மேகம் மூடிய நாளில் காட்டில் நடந்தவர்களோ வட்டமடித்தார்கள். தாங்கள் வந்த வழியையே குறுக்கே கடந்தும் அதை உணரவில்லை. மூடுபனி நாளில் அடர்ந்த காட்டுக்குள் ‘இப்படியே நேரா போனா ரோடு வந்துடும்’ என்று நம்பினால் என்ன ஆகும் என்பதை இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

பார்வதி பள்ளத்தாக்கில் பல சம்பவங்களில் தடயமே இல்லை. அதனால் கடைசி நாட்களில் என்ன நடந்திருக்கும் என்பதை அறிய, உடலும் குறிப்புகளும் கிடைத்த வேறொரு சம்பவத்தைத்தான் பார்க்க வேண்டும். 2013 ஜூலையில் அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில், அப்பலாச்சியன் நெடும்பாதையில் நடந்துகொண்டிருந்த ஒரு பெண், இயற்கை உபாதைக்காகப் பாதையை விட்டுச் சற்று விலகினார். அனுபவம் உள்ளவர், அதே பயணத்தில் ஏற்கெனவே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்து வந்தவர். திரும்பும் வழி தெரியவில்லை. கணவருக்கு அனுப்பிய மெசேஜ் எதுவும் நெட்வொர்க் இல்லாமல் போய்ச் சேரவில்லை. கூடாரம் போட்டுக் காத்திருந்தார். குறைந்தது 26 நாட்கள் உயிரோடு இருந்தார் என்பது அவருடைய குறிப்பேட்டிலிருந்து தெரிந்தது. பெரிய தேடுதல் நடந்தது. ஆனால் உடல் கிடைத்தது 2015 அக்டோபரில், பாதையிலிருந்து 3 கி.மீ.க்கும் குறைவான தூரத்தில். பேயும் இல்லை, கடத்தலும் இல்லை. பாதையிலிருந்து சில அடி விலகியதுதான் தொடக்கம்.

இத்தனை பேர் தேடியும் ஏன் கிடைப்பதில்லை?

1969 ஜூன் 14 அன்று அமெரிக்காவின் கிரேட் ஸ்மோக்கி மலைகளில், 7 வயதை நெருங்கிய ஒரு சிறுவன் புதருக்குள் ஒளிந்து விளையாடினான். சில நிமிடங்களில் காணவில்லை. அன்றே கனமழை கொட்டியது. அடுத்தடுத்த நாட்களில் தேட வந்தவர்கள் சுமார் 1,400 பேர். சிறுவன் இன்றுவரை கிடைக்கவில்லை. ஆள்பலம் அதிகமானால் தேடுதல் எளிதாகும் என்ற நம்பிக்கை அங்கே உடைந்தது. கால்தடம் எதுவும் மிஞ்சியிருந்தாலும், அது மழையிலும் தேட வந்தவர்களின் பூட்ஸிலும் அழிந்திருக்கும். அதன் பிறகுதான், முதலில் பயிற்சி பெற்ற சிறு குழுவை அனுப்பித் தடயங்களைக் காப்பது என்ற முறை வலுப்பெற்றது.

தேடுதல் என்பது ஒரு கணக்கு. ஆள் எந்தப் பகுதியில் இருக்க வாய்ப்பு அதிகம், அங்கே தேடினால் கண்ணில் படும் வாய்ப்பு எவ்வளவு, இரண்டையும் பெருக்க வேண்டும். இந்தக் கணிதம் இரண்டாம் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேட உருவானது. மலையில் இரண்டு எண்களுமே சிறியவை. பார்வதி நதி பனி உருகி ஓடும் நீர். அதில் விழுந்தவர் பாறைக்கு அடியில் சிக்கினால் வெளியே வருவதே அரிது. கரடியும் நரியும் கழுகும் மிச்சத்தைச் சிதறடித்துவிடும்.

மர்ம வீடியோக்களுக்குப் பிடித்த இன்னொரு கேள்வி: ‘கடுங்குளிரில் உடையைக் கழற்றியது ஏன்?’ உடல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் முதலில் புத்தி தடுமாறும். இன்னும் இறங்கும்போது, சிலருக்கு உடல் எரிவதுபோல் தோன்றி, தாங்களாகவே உடையைக் கழற்றிவிடுகிறார்கள். குறுகிய பொந்துக்குள் ஊர்ந்து ஒடுங்குபவர்களும் உண்டு. தடயவியல் மருத்துவர்களுக்கு இது பழக்கமான காட்சி.

அப்படியென்றால் எல்லாமே விபத்தா?

இல்லை. 2000ஆம் ஆண்டில் குலு மலைகளில் கூடாரத்தில் தூங்கிக்கொண்டிருந்த வெளிநாட்டுப் பயணிகள் மூவர் தாக்கப்பட்டனர். இருவர் இறந்தனர், ஒருவர் உயிர் தப்பினார். அவர் தப்பி வந்து சொன்னதால் அது கொலை என்று தெரிந்தது. அவரும் பிழைக்காமல் போயிருந்தால், அந்த மூவரும் ‘மர்மமாக மறைந்தவர்கள்’ பட்டியலில் சேர்ந்திருக்கக்கூடும்.

2016இல் ஒரு அமெரிக்கப் பயணி, சாது ஒருவருடன் சுமார் 4,100 மீட்டர் உயரத்தில் உள்ள மன்தலாய் ஏரிக்குப் போனார். செப்டம்பர் நடுவில் திரும்புவேன் என்று பொதுவாகத்தான் எழுதியிருந்தார். சாது திரும்பினார், அவர் திரும்பவில்லை. தேடுதல் தீவிரமானபோது வாரங்கள் ஓடியிருந்தன. போலீஸ் அந்தச் சாதுவைக் கைது செய்தது. காவலில் இருக்கும்போதே சாது உயிரிழந்தார். கடைசியாக உடனிருந்தவரின் வாயிலிருந்து வரவேண்டிய உண்மையும் அதோடு போயிற்று.

கவனிக்க வேண்டியது இதுதான்: யார் உள்ளே போனார், எப்போது வெளியே வர வேண்டும் என்ற பதிவு இல்லாத இடத்தில் கொலையும் விபத்தும் ஒரே மாதிரிதான் தெரியும். முதல் இரண்டு நாளில் தேடினால் கால்தடம் இருக்கும், சாட்சிகளுக்கு ஞாபகம் இருக்கும், ஒருவேளை ஆளே உயிரோடு இருப்பார். ஒரு மாதம் கழித்துப் போனால் வதந்திதான் மிஞ்சும். போதைப்பொருள் கும்பல், துறவியாகி குகைக்குப் போய்விட்டார், மலைத் தெய்வத்தின் கோபம் என்று ஆளுக்கொரு கதை. குற்றவாளி ஒருவர் இருந்தால், இந்தக் கதைகளைவிடப் பெரிய பாதுகாப்பு அவருக்கு வேறு இல்லை.

காத்திருக்கும் வீடு

காணாமல் போனவரின் குடும்பம் அழவும் முடியாது, அழாமல் இருக்கவும் முடியாது. போலின் பாஸ் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் இதற்கு ‘தெளிவற்ற இழப்பு’ என்ற பொருளில் ஒரு பெயரே வைத்தார். ஆள் இல்லை, ஆனால் இறந்ததாகவும் இல்லை. இந்திய சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவுப்படி, 7 ஆண்டுகள் எந்தத் தகவலும் இல்லாவிட்டால்தான் ஒருவர் இறந்துவிட்டதாகக் கருத முடியும். அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்திலும் அதே 7 ஆண்டுகள்தான். அதுவரை வங்கிக் கணக்கு, காப்பீடு, சொத்து எல்லாம் அந்தரத்தில். திகில் இசை போட்ட வீடியோவை அந்த வீட்டிலும் யாரோ பார்க்கிறார்கள் என்பது மறந்துபோகிறது.

செய்யக்கூடியவை

நியூசிலாந்தின் மலைக் குடில்களில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும். எங்கிருந்து வந்தோம், அடுத்து எங்கே போகிறோம் என்று பயணிகள் அதில் எழுதிவிட்டுப் போகிறார்கள். ஆள் வராவிட்டால் எந்த இடம்வரை வந்தார் என்பது தேடுபவர்களுக்குத் தெரியும். அங்கே ஆபத்து சமிக்ஞை அனுப்பும் சிறு கருவியை வாடகைக்கும் எடுக்கலாம். செல்போன் கோபுரம் தேவையில்லை, பொத்தானை அழுத்தினால் செயற்கைக்கோள் வழியாக இருப்பிடம் போய்விடும்.

இந்தியாவில் நிலைமை வேறு. தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் சாட்டிலைட் போன் வைத்திருப்பதே குற்றம். மலையேறுவதற்காகச் செயற்கைக்கோள் தொடர்புக் கருவியோடு வந்த வெளிநாட்டவர்கள் விமான நிலையத்தில் பிடிபட்டதும் உண்டு. இதற்குப் பின்னால் உள்ள பாதுகாப்புக் காரணம் பொய்யல்ல. 2008 மும்பை தாக்குதலில் பயங்கரவாதிகள் சாட்டிலைட் போனைப் பயன்படுத்தினார்கள். ஆனால் ஆபத்து சமிக்ஞைக் கருவியில் யாரோடும் பேச முடியாது, சதி பேசவும் முடியாது. ‘நான் இங்கே இருக்கிறேன், காப்பாற்றுங்கள்’ என்பதை மட்டுமே அது சொல்லும். கடலிலும் வானிலும் இதே சமிக்ஞையைப் பிடிக்கும் காஸ்பாஸ்-சார்சாட் என்ற சர்வதேச அமைப்பில் இந்தியாவும் பங்கெடுக்கிறது. அதற்கான தரைநிலையம் பெங்களூருவில் இஸ்ரோவிடமே இருக்கிறது. மீனவருக்கும் விமானிக்கும் கிடைப்பது மலையேறுபவருக்கும் கிடைக்க வேண்டும். அடையாள அட்டையைப் பதிவு செய்துகொண்டு, மலை அடிவாரத்திலேயே வாடகைக்குக் கொடுத்தால் பாதுகாப்புக் கவலைக்கும் பதில் கிடைத்துவிடும்.

அடிவாரத்தில் வைக்கும் பதிவேடும் பாதி வேலையோடு நின்றுவிடக் கூடாது. உள்ளே போகிறவர் பெயரை எழுதினால் மட்டும் போதாது. திரும்பி வந்தவர் பெயரை மாலையில் அடிக்க வேண்டும், அடிபடாத பெயரைப் பற்றி அன்றிரவே ஒருவர் விசாரிக்க வேண்டும். காணாமல் போனவர்களின் பட்டியலை, இந்தியப் பயணிகளையும் சேர்த்து, அரசு ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

அரசு செய்யும்வரை காத்திருக்க வேண்டியதில்லாத ஒரு வேலையும் இருக்கிறது. ‘மலைக்குப் போறேன், ஞாயித்துக்கிழமை வந்துடுவேன்’ என்று வீட்டில் சொல்வது தகவல் ஆகாது. எந்தப் பாதை, யாருடன், எங்கே தங்கல், எந்தத் தேதி எத்தனை மணிக்குள் போன் வராவிட்டால் 112க்குச் சொல்ல வேண்டும் என்பதை நான்கு வரியில் ஒருவருக்கு அனுப்பிவிட்டு நடக்கத் தொடங்கலாம். கசோலில் நெட்வொர்க் இருக்கும்போதே அனுப்பிவிட வேண்டும். மேலே போனால் அந்த மெசேஜ் போகாது.