கனமான பெட்டியும் கனமில்லாத பேச்சும்



சென்ற வாரம் ஆசிரியர் அறையில் ஒரு சிறு விவாதம். புதுமனை புகும் நண்பருக்கு நீராவி இஸ்திரிப் பெட்டி ஒன்றைப் பரிசளிக்கலாம் என்று பேச்சு எழுந்தது. உடனே ஆண் ஆசிரியர் ஒருவர், "வாங்கினா 2400 வாட் பெட்டியா வாங்குங்க சார். தூக்கினா கனம் தெரியணும். கனமா இருந்தாத்தான் சுருக்கம் போகும்," என்று தீர்ப்பு வழங்கினார். நாங்கள் மூவர் தலையாட்டினோம். மூலையில் கட்டுரை ஏடுகளைத் திருத்திக்கொண்டிருந்த ஆசிரியை நிமிர்ந்து பார்த்தார். "சார், நீங்க கடைசியா எப்ப சட்டை தேய்ச்சீங்க?" என்று கேட்டார். அவ்வளவுதான். அனைவருக்கும் திடீரென்று அடுத்த பாடவேளை நினைவுக்கு வந்துவிட்டது.

அந்தக் கேள்வி எனக்கும் உரியது. சில ஆண்டுகளுக்கு முன் பேரங்காடி ஒன்றில், விற்பனையாளரின் பேச்சில் மயங்கி, அவ்வாறான ஒரு பெட்டியை நானே வாங்கி வந்தேன். என் துணைவியாரை உடன் அழைத்துச் செல்லவில்லை. நாள்தோறும் அதைத் தூக்கப் போகிறவர் அவர், தேர்ந்தெடுத்தவன் நான்! நம் வீடுகளில் பெரும்பாலும் நடப்பது இதுதான். மின்சாதனம் என்றால் ஆண்பிள்ளை விவகாரமாம். அதைக் கொண்டு வேலை செய்வது மட்டும் பெண்கள் விவகாரமாம். இந்த அநியாயத்தைப் பற்றித்தான் இன்று எழுத வந்தேன்.

முதலில் இந்தக் கனத்தின் கதையைப் பார்ப்போம். தோட்டத்து லயத்தில் என் பாட்டி கரிப்பெட்டி வைத்துத் தேய்ப்பார். மூடியின் கொண்டியில் சேவல் உருவம் வார்த்த பெட்டி. அது கனமாக இருந்ததற்குக் காரணம் இருந்தது. கரிநெருப்பின் சூடு ஒரே சீராக இராது. தடித்த இரும்பு சூட்டைத் தேக்கி வைத்துக்கொண்டால்தான் ஒரு சட்டையையாவது முடிக்கலாம். மேலும் அதில் நீராவி கிடையாது, அழுத்தமே துணை. இன்றைய பெட்டியில் சூடு குறைந்த கணமே மின்சாரம் பாய்ந்து அதை ஈடுசெய்கிறது. பிறகு எதற்குக் கனம்? பாட்டியின் இரும்புக்குச் சொன்ன நியாயத்தை நாம் மின்பெட்டிக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

துணியிலிருந்து சுருக்கத்தை எடுப்பது நீரும் சூடும். பருத்தி இழைகளை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருக்கும் பிணைப்புகளை ஈரம் தளர்த்துகிறது. சூடு அந்த ஈரத்தை ஓட்டும்போது துணி நாம் விரித்த வடிவிலேயே மீண்டும் பிணைந்துகொள்கிறது. பாட்டி விரல் நுனியால் தண்ணீர் தெளித்து, துணியைச் சுருட்டிச் சிறிது நேரம் வைத்திருந்து பிறகு தேய்ப்பாரே, அது சடங்கா என்ன? ஈரம் உள்ளே ஊறட்டும் என்பதற்காகத்தான். நீராவிப் பெட்டி அந்த விரல்களின் வேலையைச் செய்கிறது. நம் நாட்டு மழைக்காலத்தில் வீட்டிற்குள் காயும் துணி எப்போதும் அரை ஈரத்தில்தான் இருக்கும். அதை அப்படியே எடுத்துத் தேய்த்தால் நீராவிகூடத் தேவையில்லை.

அடுத்து இந்த 2400 வாட். வாட் அதிகமானால் பெட்டி விரைவாகச் சூடேறும். தொடர்ந்து ஆவி விடும்போது சூடு இறங்காது. அது நன்மைதான், மறுக்கவில்லை. ஆனால் துணியின் மேல் படும் சூட்டை முடிவு செய்வது உள்ளிருக்கும் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி. திருகை ஒரு புள்ளியில் வைத்தால் ஏறத்தாழ 110 பாகை, இரண்டில் 150, மூன்றில் 200. வீட்டு உபயோகத்திற்கு 2000 வாட் தாராளம். 240 வோல்ட்டில் 2400 வாட் என்றால் 10 ஆம்பியர் மின்னோட்டம்! அதைச் சோற்றுப் பானையும் மின்விசிறியும் ஏற்கெனவே தொங்கும் மெல்லிய நீட்டிப்புக் கம்பியில் செருகுகிறோம். சுவர்ச் செருகியில் நேரடியாகச் செருகுங்கள். அதற்கேற்ற நீளத்தில் மின்கம்பி உள்ள பெட்டியாகப் பாருங்கள். சிரிம் முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இனி ஒரு கணக்கு. எங்கள் வீட்டில் நால்வர். வேலை நாள் ஐந்து. ஆளுக்கு மேலும் கீழும் இரண்டு துணி. வாரத்திற்கு 40 துணிகள். ஒரு துணிக்குப் பெட்டியைப் பத்து முறை தூக்கி வைத்தால் 400 முறை. பெட்டி ஒன்றரைக் கிலோ, உள்ளே 300 மில்லிலிட்டர் நீர், ஆக 1.8 கிலோ. நீர் குறைந்துகொண்டே வரும் என்பதைக் கழித்தாலும், வாரத்திற்கு 600 கிலோவுக்கு மேல் ஒரு மணிக்கட்டு தூக்கி இறக்குகிறது. கணிதம் போதிக்கும் எனக்கு, துணைவியார் வலக்கையில் தைலம் தேய்த்துக்கொண்டு அமர்ந்திருந்த இரவுவரை இந்தக் கணக்கு தோன்றவில்லை.

அதைவிடப் பெரிய பாடம் பிறகு வந்தது. அப்போது ஐந்தாம் ஆண்டு படித்த என் மகள், அம்மாவுக்கு உதவுவதாக எண்ணித் தன் சாரணியர் சீருடையைத் தேய்த்தாள். பாலியெஸ்டர் துணி எரிந்துவிடுமோ என்று திருகை ஒரு புள்ளிக்குக் குறைத்துவிட்டு, ஆவிக் குமிழை மட்டும் திறந்தபடி விட்டுவிட்டாள். அடித்தகடு போதிய சூடில்லாதபோது நீர் ஆவியாக மாறாது. கொதிநீராகத் துளைகளின் வழி சீறும். சீறியது. இடக்கை மணிக்கட்டில் கொப்புளம். பதற்றத்தில் நான் பற்பசையைப் பூசினேன். கிளினிக்கில் தாதி அதைத் துடைத்து எடுத்தபோது குழந்தை துடித்த துடிப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது. "குழாய்த் தண்ணியில இருபது நிமிஷம் காட்டிட்டு வந்திருக்கலாமே சார்," என்றார் அவர். நான் பேசவில்லை.

பெட்டி குறைந்த சூட்டில் இருக்கையில் நீர்வழியைத் தானே அடைத்துக்கொள்ளும் சொட்டுத்தடுப்பு அமைப்பு உண்டு. அசையாமல் கிடந்தால் தானே அணையும் அமைப்பும் சில பெட்டிகளில் உண்டு. கூடுதலாகப் பணம் கொடுப்பதாயின் இவற்றிற்குக் கொடுங்கள். அந்த விற்பனையாளர் இவற்றைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை; அடித்தகட்டில் எத்தனை துளைகள் என்று மட்டும் எண்ணிக் காட்டினார். நானும் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது புதிய மோகம் ஒன்று, கையில் பிடித்து ஆவி அடிக்கும் கருவி. தொங்கவிட்ட சட்டையின் மேல் அடித்தால் போதுமாம். மெல்லிய துணிகளுக்குச் சரி. மாணவியரின் கருநீலப் பினாஃபோர் மடிப்பை அதனால் நிறுத்திக் காட்டட்டும், பார்ப்போம்! மடிப்புக்கு அடியில் பலகையும் மேலே தகடும் வேண்டும். பட்டுச் சேலைக்கோ ஆவியே ஆகாது. நீர்த்துளி பட்டால் கறை நிற்கும். ஆவியை அடைத்து, இரண்டு புள்ளிக்கு மேல் போகாமல், மேலே பருத்தித் துணி விரித்துத் தேய்க்க வேண்டும். வியாழக்கிழமை பாத்தேக் சட்டையை உட்புறமாகத் திருப்பித் தேய்த்தால் நிறம் மங்காது.

பெட்டியில் வாசனைத் திரவம் ஊற்றாதீர்கள். கஞ்சித் தண்ணீரும் வேண்டாம். அது துணிக்கு உரியது. குளிர்சாதனத்திலிருந்து சொட்டும் நீரைச் சேமித்து ஊற்றும் சிக்கனக்காரர்களும் இருக்கிறார்கள். அதில் தூசும் பூஞ்சையும் கலந்திருக்கும். பெர்லிஸ் போன்ற சுண்ணாம்புப் பாறைப் பகுதியில் கிணற்று நீரைப் பயன்படுத்துவோருக்கு உப்புப் படிந்து துளை அடைபடும்; அவர்கள் வடிநீர் கலந்துகொள்ளலாம். வேலை முடிந்ததும் மின்தொடர்பைத் துண்டித்து, மிச்ச நீரைக் கொட்டி, நிமிர்த்தி வையுங்கள்.

பழைய பெட்டியை ஒதுக்கிவிட்டுப் புதியது வாங்கத் துணைவியாரோடு சென்றேன். அவர் வாட்டையும் பார்க்கவில்லை, துளையையும் எண்ணவில்லை. காட்சிக்கு வைத்திருந்த ஒவ்வொன்றையும் தூக்கி, கைப்பிடியைப் பற்றி, காற்றில் இரண்டு முறை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தார். ஏழாவது பெட்டியில் நின்றார். 119 வெள்ளி. "எங்க, நீங்க ஒரு தடவை பிடிச்சுப் பாருங்க," என்று என் கையில் கொடுத்தார். "எதுக்கு?" என்றேன். "ஞாயித்துக்கிழமை தேய்க்கப்போறது நீங்கதானே?"

வாரத்திற்கு 40 துணிகள். நேற்று ஞாயிறு, இரண்டு மணி நேரம் பிடித்தது. பினாஃபோர் மடிப்பு இன்னும் எனக்குக் கைவரவில்லை. மகள் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.